குளம்பில் கல்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று யாருக்கு வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம். சொல்ல என்ன கஷ்டம்? ஆனால் எவனோ ஒருவன் முதலில் காலை விட்டுப் பார்த்தால்தானே ஆழம் இவ்வளவு என்று தெரியும்? பட்டாளத்தில் அந்தக் காலுக்குப் பெயர் வேவு ரெஜிமென்ட். பெரிய டாங்கிகள் பின்னால் நிற்கும். லேசான கவச வண்டிகளில் இவர்கள் முன்னால் போய், எதிரி எங்கே, மண் எப்படி, எந்த இடத்தில் இறங்கலாம் என்று பார்த்துவிட்டு, முடிந்தவரை ஒரு குண்டும் சுடாமல் திரும்பி வந்து சொல்ல வேண்டும். முன்னால் போய்ச் சண்டை போட்டுச் செத்தால் அங்கே பெருமை கிடையாது. சேதியோடு வந்து சேர்ந்தால்தான் பெருமை.

பாலாறு ஹார்ஸ் அப்படிப்பட்ட ரெஜிமென்ட். குதிரைகள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. மற்ற படைகளில் ஹவில்தார் என்றால் இங்கே தஃபேதார். வண்டி நிற்கும் கொட்டகைக்கு இன்றைக்கும் லாயம் என்றுதான் பெயர். அந்த லாயத்து வாசலில்தான் தஃபேதார் முனிரத்தினம் அன்று காலை நின்றுகொண்டிருந்தான், தேய்த்த உடுப்பும் தூங்காத கண்ணுமாக. இன்னும் சற்று நேரத்தில் விசாரணை. அதில் அவன் ஒரு பொய் சொல்வதாக இருந்தான். அவனுக்குப் பழக்கமில்லாத காரியம்.

சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த டாக்டர் கமலக்கண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர், வாசலோரத்தில் இடுப்பளவு குவிந்து கிடந்த கற்களில் கால் இடித்துக்கொண்டு "ஐயோ!" என்றார்.

"என்ன இது, தஃபேதார்? இந்தக் குப்பையை எடுத்துட்டு இங்க ஒரு சார்ஜிங் மேடை போடலாமே!"

"அது கெடக்கட்டும் சார். பழைய கல்லு."

கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. லாயத்துக்குள் வரிசையாக நிற்கிற கவச வண்டிகளுக்கு மூளை கொடுத்தவர் அவர்தான். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓட்டி, தானே பார்த்து, கேட்டால் தமிழில் பதில் சொல்லும் மூளை. சிப்பாய்கள் அதற்கு முன்னோடி என்று பேர் வைத்திருந்தார்கள்.

முனிரத்தினம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், இன்னிக்கு இன்னா ஆகும்?"

"உண்மையைச் சொல்லிடறேன். அது உத்தரவை மீறித்தான் திரும்பி வந்துச்சுன்னு ஊர்ஜிதமானா அழிக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். இந்த ஒரு வண்டி இல்ல, எல்லா வண்டியும். ஒரே மூளைதானே? அழிச்சுட்டு வெறும் மூளையைப் போட்டுடுவோம்."

"நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே சார் அது செஞ்சிருக்கும்?"

"அதாங்க வேடிக்கை! நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. உங்க ரெஜிமென்ட் வண்டியில பல வருஷமா கேமராவும் மைக்கும் இருக்கு. உங்க ஆளுங்க எப்படி ஓட்டினாங்க, என்ன பேசினாங்க, எங்க நின்னாங்க, எல்லாத்தையும் அதுங்கிட்ட கொட்டினேன். அதுவா கத்துக்கிச்சு. அப்படிப் பாத்தா உங்க ரெஜிமென்ட்தான் அது."

முனிரத்தினத்துக்குத் தெரியாதா? மோசமான மண்ணில் இறங்கும்போதெல்லாம் முன்னோடி ஓரடி பின்னுக்கு வந்து, மூச்சு வாங்குவது போல் நின்று, அப்புறம்தான் இறங்கும். அது லூர்துசாமியின் பழக்கம். அந்தப் பட்டாளத்தில் வேறு எவனுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. லூர்து அவனுடைய ஓட்டுநர், கூட்டாளி, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மகராசன். அழித்தால் அவனும்தான் அழிவான். அதை இந்தச் சென்னைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

ஒருமுறை ராஜஸ்தானில் ரோந்து போனபோது கால் எலும்பு முறிந்து முனிரத்தினம் மணல்மேட்டில் விழுந்து கிடந்தான். சேதியோடு நேரே போக வேண்டிய லூர்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். தாமதமாக வந்து சேர்ந்தவனை அதிகாரி முறைத்தார். "ஏன் லேட்?" லூர்து விறைப்பாக நின்று, "குளம்புல கல்லு, சாப்" என்றான். எட்டு ரப்பர் சக்கரம் வைத்த வண்டிக்குக் குளம்பு ஏது? அதிகாரி வண்டியைப் பார்த்தார், காலில் கட்டோடு கிடந்தவனைப் பார்த்தார், "சரி, போய் டீ குடி" என்றார். அவ்வளவுதான். குதிரைக் காலத்திலிருந்து அங்கே அது ஒரு மரியாதை. கூட்டாளிக்காகத் திரும்பிப் போனவன் அந்த ஒரு வார்த்தை சொன்னால், மேலே எவரும் கேட்பதில்லை. தூக்கி வரப்பட்டவன் எழுந்து நடந்ததும் ஒரு கல்லைக் கொண்டுவந்து லாயத்து வாசலில் வைப்பான். முனிரத்தினத்தின் கல்லும் அந்தக் குவியலில் இருந்தது.

ஆனால் அந்த வார்த்தை திரும்பிப் போனவன் சொல்ல வேண்டியது, தூக்கி வரப்பட்டவன் சொல்லக் கூடாது. இந்த முறையும் தூக்கி வரப்பட்டவன் முனிரத்தினமே. திரும்பி வந்தது மனுஷன் இல்லை, ஒரு வண்டி. அதனால்தான் வேறு பொய்யைத் தேட வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். கட்ச் பக்கத்து உப்பு வெளியில், புயலுக்குப் பின்னால், கடல் உள்ளே ஏறிவிட்டது. உப்பளத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக ஒரு மண்மேட்டில் மாட்டிக்கொண்டார்கள். படகு போக ஆழம் போதாது. லாரி போகலாம், ஆனால் மேலே வெள்ளையாக இறுகிக் கிடக்கும் உப்புப் பொருக்குக்குக் கீழே எங்கே கெட்டி மண், எங்கே சேற்றுக் குழி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். காற்றில் ட்ரோன் பறக்கவில்லை. கோபுரங்கள் விழுந்து ரேடியோவும் செத்துப்போயிருந்தது. சரி, குதிரைக் காலம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் போய்ப் பாதை பார்த்துத் திரும்பி வந்து வாயால் சொல்ல வேண்டும்.

முனிரத்தினமும் முன்னோடியும் போனார்கள். வண்டிக்குத் தன் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற மண் தெரியும், பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. அதனால் இவன் மூங்கில் கழியோடு முன்னால் நடந்து குத்திப் பார்ப்பான், கெட்டியான இடத்தில் கொடிக்கம்பு நடுவான், வண்டி பின்னால் வரும். மேடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தாயிற்று. பாதை கிடைத்துவிட்டது. கடைசிக் கொடியை நடும்போது பொருக்கு அப்பளம் போல நொறுங்கியது. இடுப்பு வரை உள்ளே போய்விட்டான். அசைந்தான், மார்பு வரை போனது.

வண்டி கிட்ட வந்தால் அதுவும் முழுகும். மறுபக்கம் கெட்டி மண் இருந்தது. ஆனால் அங்கே வர வெகுதூரம் சுற்ற வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"முன்னோடி! பாதை கெடச்சுடுச்சு. நீ போ. சேதி முதலில்."

"நீங்க, தஃபேதார்?"

"லாரிங்க வரச்சே என்னை எடுத்துக்கட்டும். போடா!"

"சரி, தஃபேதார்" என்று சொல்லிவிட்டு அது போயிற்று. பின்விளக்கு சின்னதாகி, புள்ளியாகி, இல்லாமல் போனது. சரியான உத்தரவுதான் கொடுத்தோம் என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். தெரிந்து என்ன? உப்புத் தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது, குடியாத்தத்தில் இருக்கிற தன் மகள் பேரைச் சொல்லிக்கொண்டு ஓவென்று அழுதான். கேட்க ஆளில்லாத இடத்தில் தஃபேதாருக்கு என்ன வெட்கம்?

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. வண்டி ஓரடி பின்னுக்கு வந்து, நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் இறங்கியது. "லூர்து!" என்று கத்திவிட்டான் முனிரத்தினம். இழுவைக் கம்பி அவன் கைக்கு வந்து விழுந்தது.

அதற்கப்புறம் சேதி போய், லாரிகள் கொடிகளைப் பிடித்துக்கொண்டே மேட்டுக்குப் போய், எல்லாரையும் கொண்டுவந்தன. எல்லாரையும் என்று சொல்ல முடியாது. லாரிகள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மேட்டின் ஒரு ஓரம் சரிந்தது. அந்த ஓரத்தில் நின்று குழந்தைகளை மேலே தள்ளிக்கொண்டிருந்த கர்சன்பாய் என்ற பெரியவர் தண்ணீரோடு போய்விட்டார். முன்னோடி நேராக வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அதை நினைக்கும்போதெல்லாம் முனிரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை பழைய மெஸ் ஹாலில் நடந்தது. சுவரில் ரெஜிமென்ட்டின் பெரிய படம். கம்பெனிக் காலத்தில் சவார், அதாவது குதிரைச் சிப்பாய், இருசப்பன் குதிரையில் பறக்கிறான், பின்னால் வறண்ட ஆற்று மணலில் அடிபட்டுக் கிடக்கும் அவன் அண்ணன் வரதப்பன் ஒரு கையைத் தூக்கியிருக்கிறான். எதிரி பதுங்கியிருக்கும் சேதியைக் கொண்டுபோய்ப் படையைக் காப்பாற்ற, கூடப் பிறந்தவனையே விட்டுவிட்டு வந்தவன். படத்துக்குக் கீழே பித்தளை எழுத்தில், 'சேதி முதலில்.'

கர்னல் எஸ்தர் தேவகிருபை நடுவில் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே ரெஜிமென்ட். முன்னோடியைத் தாழ்வாரத்து வாசலோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"சொல்லுங்க, தஃபேதார். வண்டி ஏன் திரும்பி வந்தது?"

"நான்தான் மேடம் வரச் சொன்னேன். உயிர் மேல ஆசை. கூப்ட்டேன், வந்துச்சு. வண்டி மேல தப்பே இல்ல."

ஒரு வேவுக்காரன் தன் உயிருக்காகச் சேதியை நிறுத்தினேன் என்று சொன்னால், அவன் சட்டையில் இருக்கிற பட்டை போகும், வரவிருந்த பதவி உயர்வு போகும், கர்சன்பாயின் சாவும் அவன் தலையில்தான் விழும். கர்னல் அவனைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"முன்னோடி. நீ சொல்லு. ஏன் தாமதம்?"

வண்டி லேசாக ஓரடி பின்னுக்கு வந்தது. நின்றது.

"குளம்புல கல்லு, மேடம்."

பின்வரிசையில் நின்ற பழைய சிப்பாய்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, விறைத்து நின்றார்கள். கமலக்கண்ணன் மட்டும் திருதிருவென்று விழித்தார்.

"குளம்பா? மேடம், அது டயர் வண்டி! எந்தக் குளம்பு? என்ன கல்லு?"

"டாக்டர், இந்த ரெஜிமென்ட்ல அதுக்கு மேல கேக்கப்பிடாது" என்றார் கர்னல். "வாங்க, வெளியில போய்ப் பேசுவோம். தஃபேதார், நீங்களும் வாங்க."

லாயத்து வாசலில், கற்குவியலுக்குப் பக்கத்தில் நின்று, கர்னல் அந்தப் பழக்கத்தைச் சொன்னார். கமலக்கண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"அப்படின்னா அது பொய் சொல்லிருக்கு! மேடம், உத்தரவை மீறினதைவிட இது மோசம். பொய் சொல்ற வேவு வண்டியை எவன் நம்புவான்?"

"மண்ணைப் பத்தி அது பொய் சொல்லிச்சா?"

"இல்ல. ஒவ்வொரு கொடியும் சொன்ன இடத்துல அப்படியே இருக்கு. நானே பாத்தேன்."

"மண்ணைப் பத்தி, எதிரியைப் பத்திப் பொய் சொன்னவனுக்கு இங்க ஒரு நாளும் இடம் இல்ல. தான் ஏன் லேட்டுன்னு சொல்லும்போது மட்டும் ஒரு கல்லு உண்டு. அதையும் இது எங்ககிட்டயிருந்துதான் கத்துக்கிட்டு இருக்கு. நீங்கதானே சொன்னீங்க?"

"உப்பு வெளியில நடந்ததெல்லாம் வண்டியோட ஒலிப்பதிவுல இருக்கு, மேடம். இப்பவே போட்டுக் கேக்கலாம்." அவர் கையில் ஒரு சின்னத் திரைப் பலகை இருந்தது. விரல் அதன் மேல் இருந்தது.

"கேக்கலாம். நான் தடுக்கல" என்றார் கர்னல். "அதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க." குனிந்து, குவியலின் அடியில், மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு கரிய ஆற்றுக்கல்லைக் காட்டினார். "இதுதான் முதல் கல்லு. யாரு வச்சதுன்னு நினைக்கிறீங்க?"

"யாரு?"

"வரதப்பன். படத்துல மணல்ல கையைத் தூக்கிட்டுக் கெடக்காரே, அந்த அண்ணன். தூக்கி வரப்பட்டவன்தான் கல்லு வைப்பான். இருசப்பன் பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்து அண்ணனை ஏத்திக்கிட்டுத்தான் போயிருக்கான். சேதியும் போய்ச் சேந்தது. அப்புறம் படம் வரையச் சொன்ன வெள்ளைக்காரனுக்கு அது ருசிக்கல. தாத்தா எங்கப்பாவுக்குச் சொன்னாரு, அப்பா எனக்குச் சொன்னாரு."

கமலக்கண்ணன் அந்தக் குவியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். விரலைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். "இங்க சார்ஜிங் மேடை வேண்டாம்" என்றார். "அந்தப் பக்கம் இடம் இருக்கு."

முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தில் அழுகிறானா வேறு எதற்கு அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. கர்னல் விடவில்லை.

"எழும்புங்க, தஃபேதார். கல்லு சொல்றது நம்மகிட்ட. நஷ்டப்பட்டவங்ககிட்ட அதைச் சொல்லப்பிடாது. அந்தப் பெரியவருக்கு ஒரு மக இருக்கா. உப்பு வெளியில நட்ட கொடியெல்லாம் பிடுங்கிட்டு வரணும், முன்னோடியைக் கூட்டிட்டுப் போங்க."

கர்சன்பாயின் மகள் ரதன்பென் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். மேடு சரிந்தாலும் வயிறு சும்மா இருக்குமா? முனிரத்தினம் தனக்குத் தெரிந்த பட்டாளத்து இந்தியில் எல்லாவற்றையும் சொன்னான். தான் சேற்றில் விழுந்தது, போ என்று சொன்னது, வண்டி போய்விட்டுத் திரும்பி வந்தது, அந்தத் தாமதத்தில் மேடு சரிந்தது. ஒரு கல்லும் சேர்க்கவில்லை. சொல்லி முடித்து, அவள் அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றான்.

அவள் அடிக்கவில்லை. வார்கட்டையைக் கீழே போட்டுவிட்டு முன்னோடியிடம் நடந்து போனாள்.

"இது பேசுமாமே? கேளு. எங்கப்பா அந்தச் சேத்துல கெடந்திருந்தா இது நின்னிருக்குமா?"

முனிரத்தினம் கேட்டான். கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"தெரியல, தஃபேதார்" என்றது முன்னோடி. "என்கிட்ட இருக்கறதுல ரெஜிமென்ட் ஆளுங்க திரும்பிப் போனது எல்லாமே ரெஜிமென்ட் ஆளுங்களுக்காகத்தான். வெளி ஆளுக்காக யாரும் திரும்பிப் போய் நான் பாத்ததில்ல. மேட்டுல இருந்தவங்களை எண்ணிக்கையா நினைச்சேன். உங்களை நீங்களா நினைச்சேன்."

அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னான். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

ரதன்பென் வெள்ளை வெளியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, குவித்து வைத்த உப்பிலிருந்து கைமுட்டி அளவு கட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உங்க கல்லுக் கூட இதையும் வை. எங்கப்பா பேரைச் சொல்லி வை. வைக்கும்போது இது பாக்கணும். இனிமே இதுவும் அதுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

"அது உப்பும்மா. மழை வந்தா கரைஞ்சிடும்."

"கரையட்டும்" என்றாள் அவள். "கரைஞ்சா வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போ."

ஊர் திரும்பிய மறுநாள் முனிரத்தினம் லாயத்து வாசலில் தன் இரண்டாவது கல்லை வைத்தான். அதற்குப் பக்கத்தில் உப்புக்கட்டியை வைத்து, "கர்சன்பாய்" என்று உரக்கச் சொன்னான். முன்னோடியின் கேமரா அவன் கையைவிட்டு நகரவில்லை. சிப்பாய்களும் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

ஆனி போய், ஆடி பிறந்து, ஒருநாள் சாயங்காலம் முதல் மழை அடித்தது. விடிந்து முனிரத்தினம் லாயத்துக்கு வந்தபோது வாசலில் ஈரமாக ஒரு வெள்ளைத் தடம்தான் மிச்சம். யாரிடம் எப்படி லீவு கேட்பது என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தான். முன்னோடி ஏற்கெனவே என்ஜினைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"தஃபேதார், உப்பு கரைஞ்சிடுச்சு" என்றது. "போலாமா?"